பத்தாம் வகுப்பு மணமகள்

அரைகுறையாகப் பயிற்சி பெற்றவர்களால் நாட்டுக்குப் பெரிய கெடுதல் எதுவும் வருவதில்லை. அவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். முழுப் பயிற்சியும் பெற்று, கடைசி நாள் தேர்வில் முதலாவதாகவும் வந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு பேருந்திலிருந்து இறங்குகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் ஆரணியில் வந்து இறங்கினேன்.

எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். வீட்டில் நெல்லும் மல்லாட்டையும் பயிர். (வேர்க்கடலைதான். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால்தான் புரியும்.) சமூகப் பணியில் முதுகலை முடித்த கையோடு ஆரணிக்கு அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வளரிளம் பருவ ஆலோசகர் என்று பதவிக்குப் பெயர். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக தில்லியில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். அதில் ஆறு இலக்குகள். பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு கிடைக்க வேண்டும். மனசு நன்றாக இருக்க வேண்டும். போதைப் பக்கம் போகக் கூடாது. அடிதடி, விபத்து குறைய வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரியான நோய்களுக்கு இந்த வயதிலேயே அணை போட வேண்டும். கடைசியாக இனப்பெருக்க நலம். படிக்கிற வயதில் பெண் பிள்ளையை மணவறையில் உட்கார வைக்காமல் இருப்பதும் இந்தக் கடைசி இலக்கில்தான் வரும்.

ஆறும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் தூக்கத்தில் மட்டுமல்ல, விழித்திருக்கும்போதும் என்னை யாரும் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தின் கோடியில் எனக்கு ஓர் அறை. சுவர் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். நிஜப் பிள்ளைகள் எடை மெஷினில் ஏறி நின்று பார்க்க வந்தார்கள். செல்போனுக்கு சார்ஜ் போட வந்தார்கள். ஒரு பையன் மட்டும் உண்மையாகவே ஆலோசனை கேட்டு வந்தான். முகப்பருவுக்கு என்ன போடலாம் என்றான். ஆறு இலக்குகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முகப்பரு எதிலும் அடங்கவில்லை.

தினமும் சாயங்காலம் அம்மா போன் செய்து, "இன்னிக்காவது யார்னா வந்தாங்களா?" என்று கேட்பார். புதிதாகப் பெட்டிக்கடை வைத்த மகளிடம் வியாபாரம் விசாரிக்கிற தொனியில் கேட்பார். நான் பேச்சை மாற்றுவேன். ஆறில் ஒன்றையாவது என் கையால் எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்கிற வெறி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் ஜோதி வந்தாள்.

பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிற பெண். மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதற்காகப் பள்ளிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து நான் பயிற்சி கொடுத்திருந்தேன், அவர்களில் ஒருத்தி. பள்ளி விட்டு நேராக என் அறைக்கு வந்தவள், உட்காராமலே சொன்னாள்.

"மேடம், எங்க கிளாஸ் பிரியாவுக்கு நாளைக்கு கல்யாணம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னா. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

எந்த மண்டபம் என்று கேட்டேன். லட்சுமி மகால் என்றாள். அதற்குள் அவள் பஸ் வெளியே ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

மருத்துவ அலுவலரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவரே போன் செய்து தகவல் கொடுத்தார். காலையில் திருவண்ணாமலையிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று புறப்பட்டு வரும் என்று ஏற்பாடாயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "காலையில நீ போய் எட்டி நின்னு பாரு. விஷயம் உண்மைதானான்னு தெரிஞ்சிகினு எனக்கு போன் பண்ணு. வேற ஒண்ணும் பண்ணாத" என்றார்.

வேறு ஒன்றும் செய்யாதே என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பாவம், அவருக்கு என்னைப் பற்றி அப்போது தெரியாது.

லட்சுமி மகால் எங்கே என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. எதற்கு விசாரிக்க வேண்டும்? தினமும் பஸ்ஸில் வரும்போது பார்க்கிற இடம். ஸ்ரீ மகாலட்சுமி திருமண மகால் என்று கொட்டை எழுத்தில் போர்டு. இவ்வளவு பெரிய மண்டபத்தை ஊர்க்காரர்கள் "ஏசி மண்டபம்" என்று மட்டுமே சொல்வார்கள் என்பதும், லட்சுமி மகால் என்றால் தறிக்காரர்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பழைய சின்ன மண்டபம் என்பதும் வெளியூர்க்காரியான எனக்குத் தெரியாது.

காலையில் போய் இறங்கினேன். வாசலில் பூவால் எழுதியிருந்தது: சண்முகப்பிரியா. பள்ளிக்கூடத்தில் பிரியா என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வரவேற்பில் நின்ற அம்மாள் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாங்க?" என்று கேட்டார்.

"கவர்ன்மென்ட்" என்றேன்.

"சரிங்க. சாப்டு போங்க" என்று கல்கண்டைக் கையில் கொடுத்தார்.

நான் சாப்பிடப் போகவில்லை. நேராக மணமகள் அறைக்குப் போனேன். (எட்டி நின்று பார்க்கச் சொன்னார்கள், அறை வாசல் வரை எட்டுவதில் தப்பில்லை என்று நினைத்தேன்.) உள்ளே கண்ணாடி முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குள்ளமாக, ஒல்லியாக, அரக்கு நிறப் பட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியாமல். அலங்காரம் செய்கிற பெண் பின்னால் நின்று ஜடையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். மணமகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

பல் வரிசை ஒழுங்காவதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமா என்று தோன்றியது.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த குரல் ஒன்று உண்டு. மெதுவாக, மிரட்டாமல், பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அந்தக் குரலை எடுத்தேன். "எந்த கிளாஸ்மா?" என்று கேட்டேன்.

"பத்தாங்கிளாஸுங்க."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிக்கும். கணக்குன்னா எல்லாரும் பயப்படறாங்க. எனக்கு அதான் பிடிக்கும்."

கணக்குப் பிடித்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் அனுப்புவார்களா என்று கேட்டேன். ஒரு வாரம் லீவு சொல்லியிருப்பதாகவும், பரீட்சை நெருங்குவதால் அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னாள். அந்தப் பொறுப்புணர்ச்சி என்னை இன்னும் உருக்கியது. மேலே படிக்க ஆசை இல்லையா என்றேன்.

"ஆசைதாங்க. வீட்ல போதும்னுட்டாங்க" என்றாள்.

அலங்காரம் செய்கிற பெண் சிரித்தார். இந்தக் கொடுமையில் சிரிக்கிறாரே என்று அவரை முறைத்தேன். மணமகளின் கையைப் பிடித்து, "நீ ஒண்ணும் பயப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் குழப்பத்தோடு, "சரிங்க" என்றாள். நான் யாரோ தூரத்து உறவு, கொஞ்சம் ஒரு மாதிரியான உறவு என்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

வெளியே வந்து மருத்துவ அலுவலருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. காலை நேரம், அவரைச் சுற்றி நோயாளிகள் இருந்திருப்பார்கள். குழு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. மேடையில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார். நாதஸ்வரக்காரர்கள் சுருதி பார்த்தார்கள். இன்னும் சிறிது நேரத்தில் கணக்குப் பிடித்த ஒரு பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறிவிடும். யோசிக்க நேரமில்லை. (யோசித்திருந்தால் மட்டும் என்ன வந்திருக்கப் போகிறது.)

மேடை ஓரத்தில் ஒருவர் மைக்கில், வெள்ளைக் கார் ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, எடுக்கவும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். காரின் சொந்தக்காரி என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார்.

எடுத்த எடுப்பில் யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், முதலில் பின்னணியை விளக்குங்கள் என்பது பயிற்சியில் சொன்ன இன்னொரு பாடம். ஆகவே அனைவருக்கும் வணக்கம் சொல்லி, வளரிளம் பருவத்தினர் நலனில் நம் தேசத்தின் இலக்குகளிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இலக்கு, சத்துணவு. கீரை, முருங்கை, இரும்புச் சத்து மாத்திரை. முன்வரிசைப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். போதைப் பழக்கத்துக்கு வந்தபோது பெண்கள் பகுதியில் கை தட்டினார்கள். கட்சிக்காரர் யாராவது வாழ்த்திப் பேச வந்திருப்பதாகத்தான் கூட்டம் நினைத்திருக்க வேண்டும். மணமகளின் அப்பா ஓர் ஆளைக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை எடுத்துவரச் சொன்னார்.

நடுவரிசையில் பள்ளிச் சீருடை இல்லாமல் பட்டுப் பாவாடைகளில் ஒரு கூட்டம் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் ஜோதி. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வேகமாக ஆட்டினாள். தோழியைக் காப்பாற்ற வந்த எனக்கு உற்சாகம் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குரல் இன்னும் ஓங்கியது.

"ஆறாவது இலக்குக்கு வருகிறேன். அந்த இலக்கு இன்று இந்த மண்டபத்திலேயே மீறப்படுகிறது. இந்த மணமகள் பத்தாம் வகுப்பு மாணவி. அவரே தன் வாயால் என்னிடம் சொன்னார்."

நாதஸ்வரம் நின்றது. பொன்னாடையோடு வந்தவர் படியிலேயே நின்றார். நடுவரிசையிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எங்க மிஸ்ஸையா சொல்றாங்க?"

பிறகு அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. பட்டுப் பாவாடைக் கூட்டம் முழுவதும் பத்தாம் வகுப்பு. அத்தனை பேரும் தங்கள் கணக்கு டீச்சரின் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

மணமகள் அறைக் கதவு திறந்து, பாதிப் பூ வைத்த ஜடையோடு அவர் வெளியே வந்தார். (ஒருமையை அந்த இடத்தில் விட்டுவிட்டேன்.) "பத்தாங்கிளாஸுக்குப் பாடம் எடுக்கறேங்க. அதைத்தான் கேட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார், மரியாதையாகவே. மேலே படிக்க நினைத்தது முனைவர் பட்டமாம்.

அதோடு நான் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன், வெம்பாக்கத்திலிருந்து வந்த பெரியவர், எழுந்து நின்றுவிட்டார். கவர்ன்மென்ட்டே வந்து சந்தேகம் கேட்கிறது, அப்படியென்றால் பெண்ணுக்கு என்ன வயதுதான் ஆகிறது என்று கேட்டார். மணமகளின் அப்பா கைக்குட்டையைத் தேடினார். நிலைமையைச் சரிசெய்கிற எண்ணத்தில் நான் மணமகளின் அம்மாவிடம், வயதை மட்டும் சொல்லிவிட்டால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று சொல்லி, வசதியாக இருக்கட்டும் என்று மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

அந்த அம்மாள் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மகளை மைனர் என்று சபையில் சொல்லிவிட்டார்களே என்கிற ஆத்திரத்தில் இருந்தார்.

"என் பொண்ணு ஒண்ணும் மைனர் இல்ல மேடம். முப்பத்தொண்ணு முடிஞ்சிடுச்சி" என்றார்.

மண்டபம் முழுக்க ஒலிபெருக்கி. பந்தி நடக்கும் கீழ்த்தளத்திலும் இரண்டு இருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா மேடையில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தார். "இருபத்தெட்டுன்னீங்க" என்றார். மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது.

ஒரு குழந்தைக் கல்யாணத்தை நிறுத்த வந்தவள், முப்பத்தொரு வயதுப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்பது மெதுவாக மண்டையில் இறங்கியது. மணமகள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பி போட்ட பல் தெரியாமல் உதட்டை இறுக மூடியிருந்தார். எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போன பிறகு அமைந்த கல்யாணமோ, அதற்காக எந்த அப்பா அம்மா எத்தனை ராத்திரி பேசி மூன்று வயதைக் குறைத்தார்களோ, எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஆறு இலக்குகளில் எதிலும் இது இல்லை.

மாப்பிள்ளை மனையிலிருந்து எழுந்தார். விசைத்தறி உதிரி பாகங்கள் விற்கிற கடைக்காரர்; அதுவரை அவர் குரலையே யாரும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "பொண்ணு பாத்துட்டு வந்த மறுநாளே அவங்க போன் பண்ணி உண்மைய சொல்லிட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன்டா சொல்லல?"

"இப்படி தட்டை கீழ வெச்சிடுவீங்கன்னுதான்."

அவர் அம்மா மகனைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற மணமகளைப் பார்த்தார். கடைசியாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு, "முகூர்த்தம் போவுது. வாசிக்கச் சொல்லு" என்றார்.

ஓரமாக ஒதுங்கினேன். அதற்குள் ஜோதி மேடையேறி வந்து மணமகளின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது.

"எந்த பிரியா?"

"விஷ்ணுப்பிரியா மிஸ். இன்னிக்கு லட்சுமி மகால்ல. அதான் நான் கைய ஆட்டினேன், இந்த மேடம் கவனிக்கல."

"ஜுரம்னு லீவு சொன்னாளே" என்றார் மணமகள். பாதிப் பூ ஜடையோடு, மேடையிலேயே நின்று, தன் போனைக் கொண்டுவரச் சொன்னார். மாணவிகளின் வீட்டு எண்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. விஷ்ணுப்பிரியாவின் அப்பா ஏழுமலை, ஒரு பட்டுக் கடைக்குச் சேலை நெய்து கொடுக்கிற தறிக்காரர். அவர் போனை எடுத்ததும், டீச்சரின் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மணமகளுக்கு உதவியாக இருக்க வேண்டும் என்று நான் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். கையில் மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"உங்க வீட்ல இன்னிக்கு இன்னா விசேஷம்ண்ணே?" என்று கேட்டார் மணமகள்.

ஏழுமலை, நல்ல இடம் என்றார். சொந்தத்தில் வந்தது, பையன் குணமானவன், சொந்த லாரி வைத்திருக்கிறான் என்றார். விட்டுவிட்டால் பிறகு கிடைக்காது என்றார். கடைசியாகத்தான் மனதில் இருந்ததைச் சொன்னார். "வயசு ஏறிட்டா பேஜாராயிடும் மிஸ். அப்புறம் யாரு கட்டிகினு போவாங்க?"

"எனக்கு இன்னா வயசு தெரியுமாண்ணே?"

"தெரியாதுங்க மிஸ்."

"முப்பத்தொண்ணு. இப்பதான் எங்க அம்மா மைக்ல சொன்னாங்க. மாப்பிள்ளை எதிர்லயே உக்காந்துகினு இருக்காரு, எழுந்து போவல. உங்க பொண்ணுக்குப் பதினஞ்சி. இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. கணக்கு டீச்சர்தானே, கழிச்சிப் பாத்துட்டுதான் சொல்றேன்."

பட்டுப் பாவாடை வரிசை கை தட்டியது. அவர்கள் கணக்குப் பாடத்துக்குக் கை தட்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஏழுமலை போனை வைக்கவில்லை. அதிகாரிகள் வந்துகொண்டிருக்கிறார்கள் (இது மட்டும் நான் சொல்லிக் கொடுத்தது), அவர்கள் வந்து நிறுத்தி அசிங்கப்படுவதற்குள் நீங்களே நிறுத்திவிட்டால் மரியாதையாகப் போகும் என்று மணமகள் எடுத்துச் சொன்னார். பிறகு போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஜல்தியா அங்க போங்க மேடம். மைக்க குடுத்துட்டு போங்க."

நான் லட்சுமி மகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது திருவண்ணாமலைக் குழுவின் ஜீப்பும் வந்து நின்றது. சின்ன மண்டபம். வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் பாதி எனக்கு, பாதி ஏழுமலைக்கு. அவர் அதிகாரிகள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்னிடம் மட்டும் வந்து, "நீங்கதான் அந்த மேடமா?" என்று கேட்டார். செய்தி எனக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டு வந்திருந்தது.

உள்ளே விஷ்ணுப்பிரியா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சியில் சொன்ன குரலை எடுக்கலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளே கேட்டாள்.

"மேடம், எங்க மிஸ்ஸுக்கு நெஜமாவே முப்பத்தொண்ணா?"

ஆமாம் என்றேன்.

"பாத்தா தெரியவே இல்ல" என்றாள். எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போனாள். மருத்துவ அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "எட்டி நின்னு பாருன்னேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கு ஒரு மெமோ வந்தது. அதோடு போயிற்று.

எதிர்பாராதது என்னவென்றால், என் அறைக்கு ஆள் வர ஆரம்பித்தது. டீச்சரின் கல்யாணத்தை நிறுத்தப் போன மேடம் எப்படி இருப்பாள் என்று பார்க்கத்தான் முதலில் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினார்கள். பிறகு உள்ளே வந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு பெண், மாதாமாதம் தாங்க முடியாத வயிற்றுவலி, அம்மாவிடம் சொன்னால் எல்லோருக்கும்தான் என்கிறார், இதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். ஒரு பையன் பரீட்சையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றான். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்தவள் தங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அம்மா போனில் கேட்டபோது, முதல் தடவையாகப் பேச்சை மாற்றாமல் பதில் சொன்னேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்தக் கதை எனக்கு முன்பே என் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுக்குச் செய்யாறு. என் கணவர் வீட்டில் அன்று முதல் ஒரு சட்டம் உண்டு: எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடிகிற வரை நான் மணமகள் அறைப் பக்கம் போகக் கூடாது. போகிற வழியெல்லாம் கணவர் நினைவுபடுத்துவார். மண்டபத்தில் மாமியார் எனக்கு இந்தப் பக்கமும், நாத்தனார் அந்தப் பக்கமும் உட்காருவார்கள். கல்யாண வீட்டார் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வைகாசியில் விஷ்ணுப்பிரியாவுக்குக் கல்யாணம். ஆய்வக நுட்பம் படித்து, காஞ்சிபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பத்திரிகை கொடுக்க ஏழுமலையே நேரில் வந்தார். கல்யாணத்தன்று வழக்கம்போல் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சர் முன்வரிசையில் தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லில் கம்பி இல்லை. ஏழுமலை என் எதிரில் வந்து நின்றார்.

"பொண்ணுக்கு இருபத்தஞ்சி ஆவுது மேடம்" என்றார். "உள்ள வாங்க. நீங்களே ஒரு தடவ விசாரிச்சிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபமாகவும் இல்லை. மாமியார் வேறு வழியில்லாமல் காலை மடக்கி எனக்கு வழிவிட்டார்.

உள்ளே போனேன். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அவளுக்காகவே நெய்த சேலை, மயில் கழுத்து நிறம். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஆபத்து என்று தோன்றியது. ஆகவே யாருக்கும் கெடுதல் வராத கேள்வி ஒன்றைக் கேட்டேன்.

"சாப்டியாம்மா?"

இல்லை என்றாள். விடியற்காலையில் எழுந்தது, காபியோடு சரி, தலை சுற்றுகிறது என்றாள். வெறும் வயிற்றில் ஒரு பெண் மனையில் உட்காருவதை என் படிப்பு அனுமதிக்கவில்லை. கீழே ஓடிப்போய் ஒரு தட்டில் இட்லி வாங்கி, மேலே நிறைய சாம்பார் ஊற்றிக்கொண்டு, முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று வேகவேகமாக மணமகள் அறைக்குள் நுழைந்தேன். வாசற்படி கொஞ்சம் உயரம்.

விஷ்ணுப்பிரியா சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. ஏழுமலை குனிந்து, நெய்தவர் பார்க்கிற மாதிரி சேலையை விரலால் நிரடிப் பார்த்தார். "முந்தானையில படல. கொசுவத்துல மடிச்சிகினா தெரியாது, வுடுங்க" என்றார். விழாமல் தப்பித்த ஓர் இட்லியை அவளுக்கு நானே ஊட்டிவிட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

எங்கள் வீட்டுச் சட்டத்தில் அன்று சாயங்காலமே ஒரு திருத்தம் வந்தது. இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மாமியார் என்னை முதலில் பந்திக்குத்தான் அழைத்துப் போகிறார். சாப்பிட்டு, கை கழுவி, கையில் எதுவும் இல்லை என்று அவர் பார்த்த பிறகே மேலே போக அனுமதி.